பலூன் ஏற்றிய வண்டி

அவளுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. சாப்பிட உட்கார்ந்தால்கூட ஒரு கால் எழுந்து ஓடத் தயாராக இருக்கும். அவள் கணவர் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். கண்ணாடிக் குழாய்களோடு பழகிப் பழகி நிதானமாகிப்போன மனிதர். அவளோ துணிக்கடையில் நின்று பார்த்தாள், பல் டாக்டர் ஒருவரின் வரவேற்பறையில் உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றும் ஒத்துவரவில்லை. கடைசியில் பலூன் அலங்காரம்தான் அவளைப் பிடித்து வைத்துக்கொண்டது. காலையில் பிறந்தநாள், மதியம் கடைத் திறப்பு, மாலையில் யாரோ ஒருவர் வேலையிலிருந்து ஓய்வு பெறும் விழா என்று ஊரின் நாலு மூலைக்கும் ஓட வேண்டிய தொழில். எல்லோருக்கும் அவள் பலூனக்கா.

பலூனுக்கு எடை கிடையாது. ஆனால் இடம் கேட்கும், அதுவும் அநியாயத்துக்குக் கேட்கும். மண்டபத்துச் சாவியோ விழா தொடங்கும் நேரத்தில்தான் கைக்கு வரும். அதனால் வீட்டிலேயே ஊதி, வளைவாகக் கோத்து, அப்படியே தூக்கிப் போவதுதான் வழி. ஒருமுறை திறந்த வண்டியில் ஏற்றிப் போனபோது பாலத்தின் மேல் வீசிய காற்றில் பாதி வளைவு பிய்த்துக்கொண்டு போய்விட்டது. பின்னால் வந்தவர்கள் கைதட்டினார்கள். அவள் வீடு வரும்வரை அழுதுகொண்டே வந்தாள். மறுநாளே பெரிய மின்சார வண்டி ஒன்றைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

விற்பனையாளன் சுறுசுறுப்பான ஆள். பின் பம்பருக்கு அடியில் காலை நீட்டினான், டிக்கிக் கதவு தானாக மேலே எழுந்தது.

"மேடம், பின் சீட்டை மடிச்சா ஆயிரத்து ஐந்நூறு லிட்டர் இடம்."

"லிட்டர்ல சொன்னா எனக்கு என்ன தெரியும்? நான் என்ன எண்ணெயா ஊத்தப்போறேன்?"

அவள் வெளியே போய், கணவரின் காவலில் விட்டுவந்திருந்த பெரிய வலைப்பையை இழுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே முழுக்க ஊதிய பலூன்கள். சீட்டை மடித்ததும் தரை மேடுபள்ளமின்றித் தட்டையாக விரிந்தது. ஒவ்வொன்றாக அடைத்தாள். பானட்டைத் திறக்கச் சொன்னாள். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் சாமான் வைக்கும் காலித் தொட்டி ஒன்று இருந்தது. காற்றடிக்கும் மோட்டாரை வைக்க அதுவே போதும். டிக்கியின் பக்கச்சுவரில் மின்சாரப் பிளக் ஒன்றும் இருந்தது. வண்டியிலிருந்தே மோட்டாரை ஓட்டலாம் என்று தெரிந்ததும் அவளால் அதற்குமேல் நிற்க முடியவில்லை.

"இதான். இதையே எழுதுங்க."

"மேடம், ஓட்டிப் பார்க்கலையா?"

"ஓடும்ல? அப்புறம் என்ன?"

வண்டி ஓடியது. ஆனால் கூரை முழுக்கக் கண்ணாடி என்பதை அவள் அழகாகத்தான் பார்த்தாளே தவிர, வெயிலாகப் பார்க்கவில்லை. முதல் வாரம் சிக்னலில் நிற்கும்போது தலைக்குப் பின்னால் டப்பென்று வெடித்தது. சூடேறிய பலூன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. எஞ்சின் சத்தமே இல்லாத வண்டிக்குள் அது துப்பாக்கி வெடித்த மாதிரி கேட்டது. பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கி, "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டார். அதிலிருந்து கூரைக்கு அடியில் வெள்ளைத் துணி கட்டினாள். நிறுத்தியிருக்கும்போதும் ஏசி ஓடும்படி வைத்தாள். அப்படி ஓட்டினால் சார்ஜ் குறைந்தது. திரையில் மிச்சக் கிலோமீட்டர் காட்டும் எண்ணைப் பார்ப்பதும், பின்னால் வெடிக்கிறதா என்று காது கொடுப்பதுமாக அவளுடைய பதற்றம் இரண்டு மடங்காயிற்று. "வண்டி வந்தா நிம்மதின்னியே?" என்றார் கணவர். அவள் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கடிகாரக் கடைக்காரர் ஒருவர் போன் செய்தார். மனைவி நான்கு மாதமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறாள், வாசலில் பலூன் கட்ட வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை பலூனக்கா ஏற்கெனவே இரண்டு இடங்களுக்கு ஓடி முடித்துவிட்டு, மஞ்சளும் வெள்ளையுமாக நிரம்பிய வண்டியோடு அந்த வீட்டு வாசலில் வந்து நின்றாள். கடைக்காரர் கேட்டருகே போவதும் வருவதுமாக இருந்தார்.

"சக்கர நாற்காலி ஏத்தற வண்டி பாதி வழியிலே நின்னுபோச்சாம்மா. வேற வண்டி சாயங்காலம்தானாம். அவ அங்க ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருக்கா. நான் போகலாம்னா, கட்டில் கொண்டுவர்ற ஆளுங்க எப்ப வேணா வருவாங்க. நான் இல்லைன்னா திருப்பி எடுத்துட்டுப் போயிடுவாங்க."

அவள் அவர் பேச்சை முடிக்க விடவில்லை. டிக்கியைத் திறந்து பலூன் வளைவுகளை அவர் கையிலும் வராந்தாவிலும் திணித்தாள். மூன்று பலூன்கள் மாமரத்தில் போய்ச் சிக்கின.

"பின்னால இடம் இருக்கு சார். நாற்காலியை மடிச்சு வச்சுக்கலாம். அக்கா பேரென்ன... வேணாம், கையைக் காட்டச் சொல்லுங்க, நான் கண்டுபிடிச்சுக்கறேன்."

ஆஸ்பத்திரி வாசலில் யாரும் கையைக் காட்டவில்லை. ஆனால் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பெண், உள்ளே வரும் ஒவ்வொரு வண்டியையும் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "இப்படித் திருப்புவாங்களா? கண்ணாடிய பாக்கறதே இல்ல." இருபது வருடம் டவுன் பஸ் ஓட்டியவள். டிப்போவில் படியிலிருந்து வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அறுவை சிகிச்சை ஆனவள். பலூனக்காவுக்கு அவளைப் பார்த்ததும் இவள்தான் என்று தெரிந்துவிட்டது.

ஊழியர்கள் இருவர் தூக்கி முன் சீட்டில் உட்காரவைத்தார்கள். சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, சாய்த்து, கால் நீட்ட வழி செய்தாள். தரை தட்டையாக இருந்ததால் தடுப்பு இல்லை. "குலுங்காம கூட்டிட்டுப் போங்க, சாய்ஞ்சே இருக்கட்டும்" என்றாள் நர்ஸ். நாற்காலி டிக்கிக்குள் படுத்துக்கொண்டது.

வண்டி நகர்ந்தது. பஸ்காரி காதைத் தீட்டினாள்.

"ஏம்மா, வண்டி ஓடுதா?"

"ஓடுதுக்கா."

"சத்தத்தையே காணோமே. என் பஸ்ஸு இருமிக்கிட்டேதான் கிளம்பும். இது என்ன, பூனை மாதிரி."

வழக்கமாக அந்தச் சாலையைப் பறந்து கடக்கிறவள் அன்று ஒவ்வொரு குழிக்கும் கெஞ்சிக் கெஞ்சிப் போனாள். பின்னால் ஹாரன் அடித்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் பஸ்காரி கூரைத் துணியைத் தொட்டாள்.

"இதை எடுத்துடு. நாலு மாசமா ஃபேனைத்தான் பாத்துட்டிருக்கேன்."

அவள் ஓரங்கட்டித் துணியை அவிழ்த்தாள். கண்ணாடிக்கு மேலே மரக்கிளைகளும் மேகமும் நகர ஆரம்பித்தன. பஸ்காரி அதையே பார்த்தபடி படுத்திருந்தாள். வீட்டுத் தெரு வந்தபோது சட்டென்று கையைப் பிடித்தாள்.

"திரும்பாத. நேரா போ."

"அக்கா, சார் வாசல்ல..."

"அவரு எங்க போயிடப்போறாரு? வீட்டுக்குள்ள போனா மறுபடி கட்டில்தான். டிப்போ வரைக்கும் போ. என் வண்டிய எவன் ஓட்டறான்னு பாக்கணும். பாக்காட்டி எனக்குத் தூக்கம் வராது."

பலூனக்காவுக்கு அந்த மாதிரி ஆளை மறுக்கத் தெரியாது. அந்தத் தவிப்பு அவளுக்குப் புதிதல்ல. நேராகப் போனாள்.

டிப்போவுக்கு எதிரே நிழலில் நிறுத்தினார்கள். போன் அடித்தது. கடைக்காரர். "எங்கம்மா இருக்கீங்க? கட்டில் வந்துடுச்சு!" பஸ்காரியே போனை வாங்கி, "டிராஃபிக்" என்று சொல்லி வைத்துவிட்டாள். எதிரே சாலை காலியாகக் கிடந்தது. இருவரும் சிரித்தார்கள். சிரித்ததில் முதுகு இழுத்துப் பஸ்காரி உதட்டைக் கடித்தாள்.

அவளுடைய பஸ் வந்தது. மாடு கத்துவதுபோல் ஒரு முனகலோடு வளைந்து உள்ளே நுழைந்தது.

"கேட்டியா? பிரேக்கைத் தேய்ச்சே கொன்னுட்டான். தூரத்திலேயே காலை எடுத்தா அதுவா நிக்கும். எப்படி வச்சிருந்தேன் தெரியுமா அதை?" முகத்தை ஜன்னல் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பலூனக்கா அவள் சீட்டைச் சூடேற்றும் பொத்தானை அழுத்தினாள். அது முதுகுக்கு இதமாக இருக்கும் என்று அவளுக்குப் பட்டது. கொஞ்சம் பொறுத்து பஸ்காரி, "ம், நல்லாருக்கு" என்றாள்.

அப்போதுதான் பலூனக்கா திரையைப் பார்த்தாள். காலையிலிருந்து ஓடியது, ஏசி, இந்தச் சுற்று எல்லாம் சேர்ந்து சார்ஜை உறிஞ்சியிருந்தன. எண் சிவப்பாகிவிட்டது. ஏசியை அணைத்து, வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினாள். பஸ்காரி பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே வந்தாள்: "இப்ப காலை எடு. விடு, அதுவா போகும். சிக்னலு மாறும், மிதிக்காத." அவள் சொன்னபடியே செய்தாள். கால் எடுக்கும்போதெல்லாம் வண்டி தன் வேகத்தைக் கொஞ்சம் மின்சாரமாகத் திருப்பி வாங்கிக்கொண்டது. வீட்டு வாசலில் வந்து நின்றபோது மிச்சம் பேருக்குத்தான் இருந்தது.

கடைக்காரர் ஓடிவந்தார். திட்டுவதற்காகத் திறந்த வாய், மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றது.

"எங்க போயிட்டு வர்றே?"

"வேலைக்கு" என்றாள் அவள்.

சார்ஜ் ஏறாமல் வண்டி நகராது. கட்டில் கொண்டுவந்த ஆட்களின் உதவியோடு பஸ்காரியை உள்ளே படுக்கவைத்துவிட்டு, ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து மாட்டினார்கள். பலூனக்கா வேறு வழியில்லாமல் அந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். காப்பி ஆறுவதற்குள் எழுந்துவிட்டாள். சக்கர நாற்காலி திரும்ப இடமில்லை என்று சோபாவைத் தள்ளினாள், அலமாரியை நகர்த்தினாள், கட்டிலைச் சுவர்ப்பக்கத்திலிருந்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். கடைக்காரர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே அலைந்தார். பஸ்காரி கட்டிலில் சாய்ந்தபடி, "இன்னும் கொஞ்சம் லெஃப்ட்... போதும், போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் பலூனக்காவே வந்து கதவைத் தட்டினாள். ஒரு கடைத் திறப்புக்குப் போகிற வழி, வருகிறீர்களா என்று கேட்டாள். டாக்டர் முதலில் முறைத்தார், பிறகு சாய்ந்தபடி போய்வர அனுமதித்தார். அதிலிருந்து முன் சீட் பஸ்காரிக்கு. சாய்ந்தபடியே பலூனுக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டாள். வழி சொல்வதும் அவள்தான். எந்தத் தெருவில் எந்நேரம் நெரிசல் என்று அவளுக்குத் தெரியும். இருவரும் சேர்ந்தே அவசரப்பட்டார்கள். யார் சொன்ன வழி பக்கம் என்று தினமும் சண்டை.

குச்சி ஊன்றி நடக்க ஆரம்பித்த பிறகு டிப்போவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தருவதாகச் சொன்னார்கள். பஸ்காரி வேண்டாம் என்றுவிட்டாள். ஒருநாள் காலி மைதானத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இடம் மாறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைக் கொஞ்ச நேரம் சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு சுற்று. மெதுவாக, கச்சிதமாக.

"எப்படிக்கா?"

"ஓட்டற மாதிரியே இல்ல. யாரோ பின்னால இருந்து தள்ளிவிட்ட மாதிரி இருக்கு." பிறகு, "இன்னொரு சுத்து" என்றாள்.

"மண்டபத்துல காத்திட்டிருப்பாங்க."

"காத்திருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பஸ்காரி கண்ணாடியைச் சரிசெய்தாள்.