பதினொரு சட்டை நேரம்

ஓடிப்போகப் பார்த்தாள் என்று சொன்ன வாயை முதலில் கழுவிக்கொண்டு வரட்டும். முகாமில் ஏதோ தப்புத்தண்டா செய்து மாட்டிக்கொண்டாளாம், அதனால்தான் போன அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னதற்கு மாடிவீட்டு அம்மாள் கண்ணும் மூக்கும் வைத்தாள். இருவரில் ஒருவராவது அந்தப் பேருந்தில் இருந்தாரா? இல்லையே! அப்புறம் என்ன பேச்சு? நடந்தது இதுதான்.

அவள் இஸ்திரிக் கடைக்காரியின் ஒரே மகள். கடையும் வீடும் ஒன்றே. முன்னறையில் கம்பளி விரித்த மேசை, தலைக்கு மேலே கம்பியில் தொங்கும் சட்டைகள், மூலையில் யாரும் வாங்க வராத துணிகளுக்கென்று ஒரு அலமாரி. பின்னறையில் அடுப்பும் கட்டிலும். அப்பா சைக்கிளில் மூட்டை கொண்டுவருவார், கொண்டுபோவார். தவழும் வயதிலேயே அவள் மேசைக்கடியில் விழுந்து கிடக்கும் பொத்தான்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். ஏழு வயதில் யாரும் கேட்காமலே அவற்றைச் சட்டைகளில் தைத்துவைத்தாள். அதனால் தெரு முழுக்க அவளுக்குப் ‘பட்டன்’ என்று பெயர். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். பதின்மூன்று வயதில், மடித்த துணியை இனிமேல் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுக்கக் கூடாது என்று பிடித்துக்கொண்டாள். வாடிக்கையாளர் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். அவள் அசையவில்லை. அம்மாவும் தலையில் அடித்துக்கொண்டு பழைய துணியில் சுற்றிக் கொடுக்கத் தொடங்கினாள்.

கடைக்குப் பின்னால் ஓடுகிற கால்வாய் ஒருநாள் கறுப்பு, ஒருநாள் சிவப்பு, ஒருநாள் சோப்பு நுரை. அதன் நிறத்தை இரண்டு வருடம் தினமும் நோட்டில் எழுதிவந்தாள். அந்த நோட்டைப் பார்த்துத்தான் கோடைகாலச் சுற்றுச்சூழல் முகாமுக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். முகாம் இருப்பது மலைமேலே, இதே தண்ணீர் ஆறாகப் பிறக்கிற இடத்தில். அங்கே அது கண்ணாடிபோல் இருக்கும் என்று டீச்சர் சொன்னார். கறுப்பாக மட்டுமே பார்த்த தண்ணீரைக் கண்ணாடியாகப் பார்க்கவேண்டும்; அவளுக்கு அது ஒன்றுதான் ஆசை.

போன கோடையில் நான்கு பிள்ளைகள் கிளம்பினார்கள். பட்டன்தான் தலைவி. நால்வரின் பெற்றோரும் கையெழுத்திட்ட கடிதங்கள் அவள் பையில், டீச்சர் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன. ‘முகாமுக்குள் பிளாஸ்டிக் பொருள் எதுவும் கொண்டுவரக் கூடாது’ என்று அழைப்பில் போட்டிருந்தது. படித்தவள் சும்மா இருப்பாளா? பேருந்து மாறும் நிலையத்தில் எல்லோர் பையையும் திறக்கவைத்தாள். ஷாம்பு பாக்கெட், பிஸ்கட் உறை, சீப்பு எல்லாம் குப்பைத்தொட்டிக்குப் போயின.

“சீப்பு கூடவா? தலை எப்படி வாருறது?” என்று ஒரு பெண் அழாத குறையாகக் கேட்டாள்.

“விரல் எதுக்கு இருக்கு?”

கடைசியாகத் தன் பையைத் திறந்தாள். ஊருக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயமா? கடிதங்களை வெளியே எடுத்துவிட்டு அந்த உறையையும் தொட்டியில் போட்டாள்.

அடுத்த பேருந்து மலையடிவாரம் வரைதான். அங்கிருந்து ஒரு மணி நேர நடை. பாதி வழியில் மழை பிடித்தது. சும்மா மழையல்ல, குடம் குடமாய். முகாம் வாசலை அடைந்தபோது நால்வரும் கோழிக்குஞ்சுகள் மாதிரி நடுங்கினார்கள். பையைத் திறந்தால் கடிதங்கள் கூழாகிக் கிடந்தன. அம்மாவின் கையெழுத்து இருந்த இடத்தில் ஒரு நீலக் கறை. வாசல் காவலரோ தலைமுதல் கால்வரை பிளாஸ்டிக் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு நின்றார்.

“பெத்தவங்க கையெழுத்து இல்லாம உள்ள விட முடியாதும்மா. எனக்கு வேலை போயிடும்” என்றார். போனில் கேட்கலாம் என்றால் மழையில் கம்பி அறுந்து கிடந்தது. ஒரு வாளி வெந்நீரும் உலர்ந்த துண்டும் கொடுத்து, ஜீப்பில் ஏற்றி, அதே பேருந்துக்கே கொண்டுவந்து விட்டார்கள். ஆறு கண்ணில் படவேயில்லை.

மறுநாள் பட்டன் மற்ற மூவரின் வீட்டுக்கும் தானே போய், “என்னாலதான். உறைய நான்தான் தூக்கிப் போட்டேன்” என்று சொன்னாள். எந்தத் தப்பு செய்தவள் இப்படி வீடு வீடாகப் போய்ச் சொல்வாள்? அதைக் கேட்க யாருக்கும் காது இல்லை. ‘ஈரக் கடுதாசி’ என்று புதுப் பெயர் வைத்தார்கள். அம்மா மட்டும் ஒன்றே ஒன்று சொன்னாள்: “இனிமே எந்தக் காகிதத்துலயும் என் கையெழுத்து கிடையாது.”

இந்தக் கோடையில் மறுபடியும் அழைப்பு வந்தது. அடுத்த வருடம் பட்டனுக்கு வயது தாண்டிவிடும். இதை விட்டால் கிடையாது. டீச்சர் பழைய நால்வரையே அனுப்பத் தயார். ஆனால் மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் ஒரே குரலில் பேசினார்கள்: “அவ அம்மாவே கையெழுத்து போடல, நாங்க எந்த நம்பிக்கையில போடுறது?”

பட்டன் கெஞ்சவில்லை. அலமாரியில் நான்கு வருடமாகக் கேட்பாரற்றுக் கிடந்த பருத்தி மேசைவிரிப்பை எடுத்தாள். மெழுகுவர்த்தியைச் சீவி அதன்மேல் தூவி, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தாள். துணி மெழுகைக் குடித்து விறைத்து நின்றது. மடித்ததும் பழஞ்சுவர் மாதிரி விரிசல் விட்டது. போதாக்குறைக்குப் பெட்டியில் ஒட்டிய மெழுகு ஒரு வாடிக்கையாளரின் வெள்ளைச் சட்டையில் இறங்கிவிட்டது.

“அடிப்பாவி! வக்கீல் சட்டைடி இது!” என்று அம்மா கத்தினாள்.

“கத்தாதம்மா, கறை போயிடும்.” சட்டைக்கு மேலும் கீழும் செய்தித்தாளை வைத்துச் சூடாகத் தேய்த்தாள். மெழுகு முழுக்கத் தாளுக்குப் போனது. அம்மா சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கறை இல்லை. திட்டுவதற்கு ஒன்றும் அகப்படாத கோபத்தோடு அடுத்த மூட்டையைப் பிரித்தாள்.

அடுத்து, தச்சரிடம் கேட்டு வாங்கிய தேன்மெழுகு. இப்போது துணி விரிசல் விடவில்லை. நான்கு பக்கமும் தைத்துப் பையாக்கினாள். தண்ணீர் ஊற்றினால் ஊசி நுழைந்த ஒவ்வொரு துளையிலும் சொட்டு எட்டிப் பார்த்தது. ஜெராக்ஸ்காரர் எதிரிலிருந்து, “என்ன பட்டன், வடிகட்டியா செஞ்சிருக்க?” என்றார். தெருவே சிரித்தது. அன்று அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை அம்மா சட்டை மடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கை இரண்டும் பின்னால், அடிப்பாகம் மேலே, எங்கும் ஊசியில்லை, ஆனாலும் பிரியாது. பிறந்ததிலிருந்து பார்க்கிற மடிப்பு. ஓடிப்போய்த் தையலைப் பிரித்தாள். துணியைச் சட்டை மாதிரியே மடித்து, வாயை மூன்று சுற்று சுருட்டி, கயிற்றால் கட்டினாள்.

“அம்மா, நீ கையெழுத்து போடு. இதுக்குள்ள வைக்கிறேன். நீயே தண்ணில வை. நனைஞ்சா நான் போகல. இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன்.”

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். துணிக்கு அடையாளம் போடும் அழியாத மை பக்கத்திலேயே இருந்தது. அதைத் தொடவில்லை. மகளின் மைப்பேனாவைக் கேட்டு வாங்கி, நிதானமாகக் கையெழுத்திட்டாள். கெட்டிக்காரி! அது தண்ணீர் பட்டாலே கரைகிற மை. பட்டன் கடிதத்தை உள்ளே வைத்துக் கட்டியதும், அம்மா பொட்டலத்தை வாசல் குழாயடியில் வைத்துக் குழாயைத் திறந்துவிட்டாள். பட்டன் ஓடிப்போய் அடியில் ஒரு வாளி வைத்தாள். சோதனையென்றாலும் தண்ணீர் வீணாகக் கூடாதாம்.

“எவ்வளவு நேரம்மா?”

“இந்த மூட்டை முடியட்டும்.”

மூட்டையில் பதினொரு சட்டைகள். அம்மா என்றைக்கும் இல்லாத மெதுவாகத் தேய்த்தாள். கழுத்துப்பட்டையை இரண்டு தடவை, கைமடிப்பை மூன்று தடவை. ஜெராக்ஸ்காரர் கடையை விட்டுவிட்டு வந்து நின்றார். மாடிவீட்டு அம்மாள் படியிறங்கி வந்தாள். மற்ற மூன்று பிள்ளைகளும் பெற்றோர்களை இழுத்துக்கொண்டு வந்தார்கள். பட்டனோ, வாளி நிரம்ப நிரம்ப, எடுத்துப் போய்த் தொட்டியில் கொட்டிவிட்டு வந்தாள். ஏழாவது சட்டையில் அவள் பொட்டலத்தைக் குனிந்து குனிந்து பார்த்ததை அம்மா பார்த்தாள். பார்த்தும் வேகமாகத் தேய்க்கவில்லை.

பதினொன்றாவது சட்டையை அடுக்கிவிட்டு அம்மா வந்து கயிற்றை அவிழ்த்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. கடிதத்தை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். துணி காய்ந்ததா என்று அவள் பார்க்கிற விதம் அதுதான்.

“மொறமொறன்னு இருக்கு” என்றாள்.

ஜெராக்ஸ்காரர் கடிதத்தை வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பினார். “எங்கிட்ட ரெண்டு முக்கியமான பத்திரம் இருக்கு. எனக்கும் ஒண்ணு மடிச்சுத் தருவியாம்மா?”

“வடிகட்டிதானே அண்ணே இது? உங்களுக்கு எதுக்கு?” என்றாள் பட்டன். இந்தத் தடவை தெரு சிரித்தது யாரைப் பார்த்து என்று சொல்லவேண்டியதில்லை. அந்த இடத்திலேயே, இஸ்திரி மேசைமேல் வைத்து, மூன்று வீட்டுக்காரர்களும் கையெழுத்திட்டார்கள்.

கிளம்பிய காலையில் மழை. வேண்டுமென்றே வந்த மாதிரி கொட்டியது. நான்கு கடிதங்களும் மெழுகுத்துணிக்குள். பொட்டலம் அவள் நெஞ்சோடு கட்டியிருந்தது. தலையில் மரச்சீப்பு ஒன்றைச் செருகியிருந்தாள். போன வருடம் சீப்பைப் பறிகொடுத்த பெண்ணுக்கு.

“குடை எடுத்துட்டுப் போடி.”

“கடுதாசி நனையாதும்மா.”

“கடுதாசிய யாரு கேட்டா? நீ நனையாதே!”

பட்டன் குடையைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது நைலான்மா” என்று சிரித்தாள். அம்மாவின் கையிலேயே அதை விரித்துக் கொடுத்தாள்.

மாடிவீட்டு அம்மாள் ஜன்னலில் நின்றாள். ஜெராக்ஸ்காரர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஓடிப்போகிறவள் சந்து வழியாகப் போவாள். இவள் முன்வாசல் வழியாக, நடுத்தெருவில், சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு, நிமிர்ந்து நடந்து போனாள்.