இடக்கை இழுத்த கோடு

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் வராததுமாக இளையவள் செய்கிற முதல் காரியம், தன் நீலச் சட்டையை வாளித் தண்ணீரில் முக்கி, குளியலறைத் தரையில் போட்டுத் தேய்ப்பது. பிரஷ் போடும் சத்தத்திலேயே அன்றைக்குப் பட்டறையில் என்ன நடந்தது என்று அம்மாவுக்கு விளங்கிவிடும். இந்த ஒரு வாரமாகப் பிரஷ்ஷின் மயிர் உதிர்ந்துகொண்டிருக்கிறது.

அந்தச் சட்டையை வாஷிங் மெஷினுக்குள் விட அம்மா சம்மதிப்பதில்லை. ஒரு தடவை விட்டதற்கு, வீட்டிலிருந்த வெள்ளைத் துணியெல்லாம் துருப்பிடித்த தகரம் மாதிரி வெளியே வந்தது. "இரும்புத் தூளக் கட்டிக்கிட்டு அழறது உன்னோட போகட்டும். என் மெஷின் என்ன பாவம் பண்ணுச்சு?" என்பாள். வெல்டிங் பயிற்சிக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கு இரண்டு சட்டை என்றுதான் பேச்சு. பொம்பளை அளவில் ஒன்றுதான் இருந்தது, இன்னொன்று வரும் என்றார்கள். பயிற்சியே முடியப் போகிறது, சட்டை வந்தபாடில்லை. அதனால் தினமும் துவைத்து, பின்வாசல் கொடியில் மாட்டி, கூடத்து டேபிள் ஃபேனைக் கொண்டுபோய் எதிரில் வைத்தால்தான் காலையில் போட்டுக்கொள்ள முடியும். வீட்டில் மனிதர்கள் வேர்வையில் நனைந்துகொண்டிருக்க, சட்டை மட்டும் சுகமாகக் காற்று வாங்கும்.

இளையவள் இடக்கைக்காரி. சின்ன வயதில் அம்மா அதட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். வலக்கைக்கு மாறியது சோறு மட்டும்தான். எழுத்து, ஊசி, சீப்பு, ஒருமுறை தெருமுனையில் ஒருவன் கன்னத்தில் விழுந்த அறை, எல்லாம் இடதுதான். பேச்சிலும் அவளிடம் ஒரே ஆயுதம்தான்: "அதெப்படி?" டீச்சரிடம் கேட்டிருக்கிறாள், பஸ் கண்டக்டரிடம் கேட்டிருக்கிறாள், அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரைக்கூடக் கேட்டிருக்கிறாள். அத்தான் இன்னும் அதை மறக்கவில்லை. கேட்டுவிட்டுத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நிற்பாள். பதில் வரும்வரை இடத்தை விட்டு நகரமாட்டாள்.

முகமூடியைக் கவிழ்த்துக்கொண்டு இரும்பின்மேல் குனிந்தால் மட்டும் அந்த வாய் மூடும். ஆரம்பத்தில் ஒருநாள் முகமூடி இல்லாமல் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வந்து, கண்ணுக்குள் மணலைக் கொட்டினாற்போலத் துடித்தாள். உருளைக்கிழங்கை வில்லை வில்லையாக நறுக்கிக் கண்ணில் வைத்துவிட்டு, "இதோட விட்டுத் தொலை" என்றாள் அம்மா. "அதெப்படி? இன்னும் ஒரு கோடுகூட நேரா வரலியே" என்று உருளைக்கிழங்குக்கு அடியிலிருந்து பதில் வந்தது. இப்போது நேராக வருகிறது. இரண்டு தகடு சேரும் இடத்தில் அவள் இழுக்கிற கோடு, மீன் செதிளை அடுக்கினாற்போல, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கடைசிவரை ஒரே சீராகப் போகும்.

பெரிய பெரிய இரும்புத் தொட்டிகள் செய்கிற அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஜாயிண்ட் போட்டு முடித்தவர், தான் நின்ற பக்கத்திலிருந்தே, அதன் ஓரத்தில் தன் நம்பரைச் சுத்தியலால் அடித்துப் பதிக்க வேண்டும். தொட்டி எங்கே போனாலும் அந்த நம்பரும் கூடவே போகும். நல்லதற்கும் அதுதான் பொறுப்பு, கெட்டதற்கும் அதுதான். பயிற்சியில் இருப்பவர்களுக்கு நம்பர் கிடையாது. கடைசிப் பரீட்சை தேறினால்தான் கொடுப்பார்கள். அதுவரை அவர்கள் போட்டதன் பக்கத்தில் தலைமை வெல்டர் தன் நம்பரை அடித்துக்கொள்வார்.

அவர் பட்டறைக்கே அண்ணன். இவளை 'தங்கச்சி' என்பார். உறவு சொல்லிக் கூப்பிடுவதில் ஒரு சௌகரியம், வேலையை வாங்கிக்கொள்ளலாம், பேரைக் கொடுக்க வேண்டாம். இவள் போட்ட நல்ல ஜாயிண்டெல்லாம் அண்ணன் நம்பரில்தான் வெளியே போயிருக்கிறது. "இந்த ஆளுக்குக் கையா அது, தங்கம்" என்று மேலிடத்தில் அவருக்குப் பாராட்டுகூட வந்தது. பரீட்சை வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இளையவள் பேசாமல் இருந்தாள்.

போன வாரம் ஒரு தொட்டியை எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு ஜாயிண்டுக்குள்ளே புழு அரித்த மாதிரி காற்றுக் குமிழிகள். பக்கத்தில் அண்ணன் நம்பர். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அது நான் இல்லீங்க, நம்ம தங்கச்சி போட்டது" என்று கையைக் காட்டிவிட்டார்.

அது அவள் போட்டதே இல்லை. வலக்கைக்காரன் இழுத்த கோட்டில் செதிள் ஒரு பக்கம் வளையும், இடக்கைக்காரி இழுத்ததில் மறுபக்கம் வளையும். பட்டறையைக் கூட்டுகிறவருக்குக்கூட இது தெரியும். "தங்கச்சி கோடு எதிர்க்காத்துல போவுது" என்று எல்லோரும் கூடிச் சிரித்த விஷயம்தான். அன்றைக்கு அந்தத் தொட்டியைச் சுற்றி நின்ற ஒருவருக்கும் கண் தெரியவில்லை. ஒருவர் தன் கையுறையைப் புதிதாகப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொருவருக்குச் சரியாக அந்த நேரத்தில் இருமல். நாங்கள் பொய் சொல்லவில்லை என்று பிற்பாடு சொல்லிக்கொள்ளலாம். வாயையே திறக்காதவன் எப்படிப் பொய் சொல்வான்?

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கிழமை சோதனை ஆபீசர் வர்றாரு. நான்தான் போட்டேன், தெரியாம நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு தங்கச்சி. கத்துக்க வந்த புள்ளைய யாரும் ஒண்ணும் பண்ணமாட்டாங்க. எனக்குன்னா நம்பரே போயிடும். உன்னைப் பரீட்சைக்கு நான்தானே அனுப்பணும்?"

கடைசி வாக்கியத்தை மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அதெப்படி அண்ணே?"

அண்ணன் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அந்த வெள்ளிக்கிழமைதான் நாளைக்கு. இன்று சாயங்காலம் அவள் சட்டையைப் பிழிந்துகொண்டு வெளியே வந்தபோது கூடத்தில் அத்தான் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் மேனேஜர். டேபிள் ஃபேன் முழுசாக அவர் முகத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

"கடையில கவுண்டர்ல ஒரு இடம் காலி. ஏசி ரூம். உக்காந்துக்கிட்டே வேலை. நாளைக்குக் காலையில உன்னைக் கூட்டிட்டு வரேன்னு முதலாளிகிட்ட சொல்லியாச்சு."

"என்னைக் கேக்காமயா?"

"நல்லதுக்கு எதுக்கும்மா கேக்கணும்? நீ பாக்கறது கண்ண வித்துச் சித்திரம் வாங்கற வேலை. எங்ககிட்டயாவது கண்ணாடி இருக்கு." தான் சொன்னதற்குத் தானே சிரித்தார். மாப்பிள்ளையாயிற்றே என்று அம்மாவும் கொஞ்சம் சிரித்துவைத்தாள்.

"இப்ப நான் நின்னுட்டா, தப்பு பண்ணிட்டு ஓடிட்டான்னு ஆயிடும்ல அத்தான்?"

"ஆனா என்ன? நாலு நாள் பேசுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க."

"அவங்க மறந்துடுவாங்க."

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அப்படின்னா அந்த ஆள் சொல்றபடி ஒத்துக்கிட்டுத்தான் போயேன். ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா? பரீட்சை எழுதலாம், நம்பர் வாங்கலாம். இத்தனை நாள் துவைச்சதுக்கு அதாவது மிஞ்சும்."

"நான் போட்டிருந்தா ஒத்துக்கமாட்டேனாம்மா? முதல் வருஷம் போட்ட கோணலையெல்லாம் நானே இழுத்துட்டுப் போயிக் காட்டினேன், திட்டும் வாங்கினேன். இது நான் போடலை. என்னோட நல்லதெல்லாம் அவருது, அவரோட கெட்டது மட்டும் என்னுதா? அதெப்படி?"

கேட்டுவிட்டு, ஈரச் சட்டை தோளில் சொட்டச் சொட்ட, தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். அம்மா தரையில் சொட்டிய தண்ணீரைப் பார்த்தாள். அத்தான் செல்போனைப் பார்த்தார்.

"முதலாளி கேக்கறாரு. என்னன்னு சொல்லட்டும்? வர்றியா, வரலியா?"

இளையவள் குனிந்து சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினாள். அத்தான் நெற்றியில் பறந்துகொண்டிருந்த முடி மெல்ல அடங்கிப் படிந்தது.

"நாளைக்கு அந்த ஆபீசர் முன்னாடி நின்னு என்னடி சொல்லப் போற?" என்றாள் அம்மா.

ஒயர் தரையில் இழுபட, ஃபேனை இடக்கையில் தூக்கிக்கொண்டு இளையவள் பின்வாசல் பக்கம் போனாள்.