அத்தைக்குக் கொண்டுபோன டீ

எழுபதுகளில் நெல்லித்தோப்பில் எங்கள் தெருவுக்கே மருந்து கொடுத்துவந்த தனம் அக்காவின் பெயரைக் கெடுத்தவன் நான்.

போன வாரம் கதிர்காமத்து மருந்துக்கடையில் எனக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்த பெண், "போட்ட கையோட டீ குடிச்சிராதீங்க ஐயா, சத்து ஒடம்புல சேராது" என்றாள். தனம் அக்கா அன்று சொன்ன அதே வார்த்தை.

மில்லில் வேலை பார்த்த என் அத்தை ரத்தம் குறைந்து வெளுத்துப் போயிருந்தாள். தனம் அக்கா இரும்பைப் புடம் போட்டுச் செய்த அயச்செந்தூரத்தை நெல்லிக்காய்ச் சாற்றில் குழைத்துக் கொடுத்தார். நெல்லி மருந்தை உடம்பில் சேர்க்கும், டீ தடுக்கும் என்று சொல்லி டீயை அறவே நிறுத்தினார். அத்தைக்கோ டீ இல்லாமல் தலைவலி.

"ஒரு வாய் டீக்கு என்னாடா ஆவும்? படிக்கிற பையன், நீ சொல்லு."

ஏழாம் வகுப்பில் முதல் மாணவனான நான், "ஒண்ணும் ஆவாது அத்த" என்றேன். தினமும் மருந்து உள்ளே போனதும் யாருக்கும் தெரியாமல் டீ வாங்கி வந்து கொடுத்தேன்.

மூன்று மாதமாகியும் அத்தை தேறவில்லை. "மண்ண கொழச்சிக் குட்தியா?" என்று அப்பா நடுத்தெருவில் தனம் அக்காவைத் திட்டினார். அத்தையும் நானும் வாயைத் திறக்கவில்லை. அதன்பின் அவரிடம் யாரும் மருந்துக்குப் போகவில்லை.

டீயின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும் என்று கல்லூரியில் படித்த அன்றே அவரிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

"உங்க அத்த வாயில டீ வாடை அப்பவே அடிச்சிது தம்பி. நான் சொல்லியிருந்தா உங்கப்பா அவள சும்மா வுட்டிருப்பாரா?"

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் காலை அவர் தனம் அக்காவின் வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி தன் மூட்டுவலிக்கு மருந்து கேட்டார். தனம் அக்கா கொடுத்தார். வேறு யாரும் திரும்பி வரவில்லை.