பிள்ளையைப் பிடியுங்கள் என்று நான் கேட்ட நாள்

எனக்கு முதற்பிள்ளை பிறந்தது யுத்த காலத்தில். அரிசிக்குக் கூப்பன் கொடுத்த நாட்கள். எனக்குத் தாய் இல்லை. கணவர் வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் இருந்த வயல் வட்டைக்குப் போனால், வேளாண்மைக் காவலுக்காகப் பத்துப் பதினைந்து நாள் அங்கேயே தங்கிவிடுவார். வாவிக்கரை வீட்டில் நானும் பிள்ளையும்தான்.

நாற்பது நாள் கழிந்த பிறகு முதலில் நித்திரை போயிற்று. பிறகு பசி போயிற்று. தலை வாரிக்கொள்வதையும் விட்டுவிட்டேன். பிள்ளை அழுதால் நெஞ்சு படபடக்கும். அழாமல் கிடந்தால் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன். பின்னர் அதைவிடப் பெரிய பயமொன்று வந்தது. ஏணைத் தொட்டிலிலிருந்து அவளைத் தூக்கும்போதெல்லாம், இந்தக் கைகள் ஏதாவது செய்துவிடுமோ என்று தோன்றியது. அவளோடு கிணற்றடிக்குப் போவதை நிறுத்தினேன். வாவிப் பக்கக் கதவைக் கயிற்றால் கட்டிவைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பேய் பிடித்தவள் என்று பிள்ளையைப் பறித்துவிடுவார்கள்.

ஒரு மத்தியானம், அந்தக் கயிற்றை என் விரல்களே அவிழ்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். பிள்ளை என் தோளில் கிடந்தாள். எப்போது தூக்கினேன் என்று நினைவில்லை.

முன்வாசலால் ஓடினேன். பக்கத்து வீட்டுக்காரியோடு எங்களுக்கு இரண்டு வருடமாகப் பேச்சில்லை. அவளுடைய மாடு எங்கள் வேலியைப் பிரித்ததில் வந்த சண்டை. ஆனால் கூப்பிடு தூரத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள். முற்றத்தில் நெல் குற்றிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இவளப் பிடிங்க. நான் கேட்டாலும் தராதீங்க."

உலக்கையைப் போட்டுவிட்டு வாங்கினாள். "என்னகா? புள்ளைக்கு என்ன?"

"புள்ளைக்கு ஒண்டுமில்ல. எனக்கு என்னையே பயமாக் கிடக்கு."

அவள் முகம் வெளுத்தது. பிள்ளையை இறுக்கிக்கொண்டு ஓரடி பின்வாங்கினாள். விரட்டப் போகிறாள் என்றே நினைத்தேன்.

"உள்ளுக்கு வந்து இரி. தனிய அங்க போகாத," என்றாள்.

கஞ்சி தந்தாள். பாயில் விழுந்து பொழுது சாயும்வரை தூங்கினேன்.

மறுநாள் ஆள் அனுப்பிக் கணவரை வரவழைத்தாள். எல்லாம் கேட்டுவிட்டு அவர் மந்திரவாதியைக் கூட்டிவரப் புறப்பட்டார். "அவரப் பிறகு பாப்பம். முதல்ல ஆசுபத்திரி," என்று அவள் மறித்தாள்.

தோணியில் போனோம். பிள்ளை அவள் மடியில். என் கணவர் கரை சேரும்வரை என் மணிக்கட்டை விடவில்லை. நான் தண்ணீரைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆசுபத்திரியிலிருந்த வயதான தாதி மிஸ்ஸி கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் கேட்டார். நான் பயந்ததுபோல் பிள்ளையைப் பறிக்கவில்லை.

"காய்ச்சல் மாதிரி இதும் ஒரு வருத்தந்தான், புள்ள. புள்ள பெத்த பொண்டுகள் சிலருக்கு வாறது. நித்திரை வேணும், சாப்பாடு வேணும், தனிய இருக்கப் படாது. பயம் வந்தா ஒளிக்காமச் சொல்லு. ஒவ்வொரு கிழமையும் இங்க வா."

அந்தப் போகம் கணவர் வட்டைக்குத் தன் தம்பியை அனுப்பிவிட்டு வீட்டிலிருந்தார். காலையில் பசியில்லாவிட்டாலும் சாப்பிட்டேன். குளித்தேன். பகலில் பக்கத்து வீட்டில் அவளோடு பாய் இழைத்தேன். பயம் வந்தால், "வந்திட்டு" என்பேன். அவள் இழைப்பதை விட்டுப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். சில நாள் மூன்று தரம், நான்கு தரம் சொன்னேன். சில கிழமைகள் முன்னிருந்ததைவிட மோசமாயிருந்தன.

மாரி வந்தபோதுதான் பிள்ளையை நானே குளிப்பாட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா அருகில் நின்றாள். போய்விடுங்கள் என்று நான் சொல்லவில்லை.