கிணற்றைச் சுற்றி ஒரு சுவர்

போன வாரம் ஆமத்தூரில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்ததும் கால் சும்மா இருக்குமா? பக்கத்துக் கிராமத்தில் ‘என்’ கிணற்றைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

மூன்று வருஷத்துக்கு முன் இந்தப் பத்திரிகையில், இதே பக்கத்தில் அந்தக் கிணற்றைப் பற்றி எழுதினேனே... சர்க்கார் செலவு, பட்டாசு முதலாளி கொடுத்த நிலம், ஊர்க்காரர்களின் உழைப்பு! மூவரும் கைகோத்தால் வறுமைக்கு இங்கே என்ன வேலை என்று புகழ்ந்து தள்ளியிருந்தேன்.

கிணற்றைக் காணோம். ஆளுயரத்துக்கு ஒரு சுவரும் இரும்புக் கேட்டும்தான் இருந்தன. உள்ளே பட்டாசுக் கம்பெனியின் புது ஷெட்டுகள்.

“தீப்பெட்டி இருந்தா குடுத்துருங்கய்யா, உள்ள வெடிமருந்து கெடக்கு” என்றார், முதலாளியைப் புகழ்ந்து எழுதியவன் என்றதும் என்னை உள்ளே விட்ட வாட்ச்மேன். கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

கிணறு இருந்தது. தண்ணீரும் நிறைய. ‘ஊர்ப் பொதுக் கிணறு’ என்று திறப்பு விழாக் கல்லும் அப்படியே இருந்தது.

“ஊர் ஜனங்கள் எப்படித் தண்ணீர் எடுக்கிறார்கள்?”

“வெளியாளு வரக்கூடாதுய்யா, மருந்துக் கம்பெனிச் சட்டம். இங்கன வேலை பாக்குறவுக மட்டும் சாயங்காலம் ஆளுக்கு ஒரு குடம் எடுத்துக்கிடலாம்.”

சட்டத்தைக் குறை சொல்ல முடியுமா? வெடிமருந்துக்கு நடுவே ஊரே நடமாடினால் என்னாவது? ஆனால் கிணற்றுக்குப் பக்கத்தில் மருந்தைக் கொண்டுவந்து வைத்தது யார்?

வெளியே வந்தால் பொன்னுத்தாயி, வெறும் குடத்தோடு. இந்தக் கிணற்றுக்கு மாசக்கணக்கில் மண் சுமந்தவர். திறப்பு விழாவில் இறைவணக்கம் பாடியது அவர் மகள்தான்.

“மகள் எத்தனையாம் வகுப்பு?” என்று கேட்டேன்.

“படிப்ப நிப்பாட்டியாச்சுய்யா. உள்ளதான் வெடிக்குக் காகிதக் குழல் சுத்துறா. ரெண்டு மைல் போயி நான் தண்ணி எடுத்துட்டு வந்தா காட்டு வேலைக்குப் போக முடியல. அவ போனா ஒரு குடம் வருதுல்ல.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடமா? அதுவும் தாய் வெட்டிய கிணற்றில்?

“நிலத்தை ஊருக்கு எழுதிக் கொடுக்கவில்லையா?”

“மொதலாளி மாரியம்மன் கோயில் வாசல்ல, ஊரு முன்னால வச்சுல்ல குடுத்தேன்னாக. அம்புட்டுப் பெரிய மனுசர்கிட்ட பத்திரம் கேட்டா மரியாதையா இருக்குமா?” சற்று நிறுத்திச் சொன்னார்: “நீங்களும் கேக்கலியேய்யா.”

கேட்கவில்லைதான். மாலை போட்டார்கள், காப்பி கொடுத்தார்கள், எழுதினேன். செலவழித்த சர்க்காரும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

விடைபெற்று நடந்தேன். வாட்ச்மேன் பின்னாலேயே ஓடிவந்தார். “மறந்துட்டுப் போறீகளேய்யா” என்று தீப்பெட்டியை என் கையில் வைத்தார்.

அந்த இடத்துக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டவர்கள் இரண்டே பேர் — முதலாளியும் நானும்.