முதல் பெயராக என் பெயர்

கோர்ட்டில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு நாங்கள் நான்கு பொம்பளைகள் இருந்தோம். யோகேஸ்வரி, கைருன்னிசா, வேல்விழி, அப்புறம் மாரித்தாய் என்கிற நான். நான்தான் மூத்தவள், அறுபத்து மூன்று வயது. அறைச் சாவிக் கொத்து என் இடுப்பில்தான் தொங்கும். அது தொங்கிய நாள் முதல், அந்தக் கட்டடத்தில் ஜட்ஜுக்கு அடுத்து நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. விளக்குமாறு பிடித்த கைக்கு எம்புட்டுக் கொழுப்பு, பாருங்கள்.

பங்குனி மாதம் ஒரு திங்கட்கிழமை, தலைமை எழுத்தர் சோலைமலை எங்கள் நாலு பேரையும் கூப்பிட்டார்.

"மேல இருந்து இந்த வருசம் பணத்தக் குறைச்சுட்டாக. பேப்பர்ல இருந்து பினாயில் வரைக்கும் வெட்டு. கூட்டுறதுக்கும் இனி மூணு ஆளுதானாம். வேலைய விட்டு யாரு நிக்கிறதுன்னு நான் சொன்னா அந்தப் பாவம் எனக்கு. நீங்களே பேசி ஒரு பேரு குடுங்க."

வெளியே வராந்தாவுக்கு வந்தோம். யோகேஸ்வரி கண்ணைக் கசக்கினாள். அவள் புருசன் திருப்பூருக்குப் போனவன், போனவன்தான். ரெண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன. கைருன்னிசா வீட்டுக்காரர் கால் முடியாமல் கட்டிலில் கிடக்கிறார். வேல்விழி வாயும் வயிறுமாக இருந்தாள். எனக்கு? என் புருசன் இருளாண்டி போய்ச் சேர்ந்து பதினெட்டு வருசம். அவரால் எனக்குச் செலவும் இல்லை, வரவும் இல்லை. அதனால் நான் அழவில்லை. யோசித்தேன். அங்கேதான் வினை.

கோர்ட்டுக்கு வருமுன் தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்தாறு வருசம் வேலை பார்த்தவள் நான். தீபாவளி முடிந்தால் அங்கே ஆள் குறைப்பார்கள். போர்மேன் நோட்டோடு வந்து, "யாரு நிக்கிறீக?" என்பார். தானாக நிற்கிறேன் என்று சொன்னவள் பெயர் நோட்டில் மேலே ஏறும். மறுபடி ஆர்டர் வந்ததும் மேலே இருக்கிற பெயரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். போக மாட்டேன் என்று மல்லுக்கட்டியவளுக்கு அடுத்த சீசனில் ஆப்பு. இந்தச் சூட்சுமம் தெரியாத சிறுசுகள் அழும். தெரிந்த நான் ஒவ்வொரு வருசமும் முதல் ஆளாக நின்று, முதல் ஆளாக உள்ளே போயிருக்கிறேன்.

கோர்ட்டும் அப்படித்தான் என்று என் அறிவு சொன்னது.

மறுநாள் யாருக்கும் தெரியாமல் சோலைமலையிடம் போனேன். "எம் பேர எழுதிக்கோங்க சார்" என்றேன். திரும்பக் கூப்பிடுவது பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் மற்றவள்களும் உசாராகி முந்திவிடுவாள்களே. காகிதத்தில் பெருவிரலை நன்றாக அழுத்தி உருட்டினேன். அந்த மனுசன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"ஆத்தா, இந்த மனசு யாருக்கு வரும்?"

என் கெட்டிக்காரத்தனத்தைத்தான் மெச்சுகிறார் என்று நானும் தலையை ஆட்டினேன்.

சேதி பரவியது. யோகேஸ்வரி வந்து காலில் விழுந்தாள். கைருன்னிசா தினமும் தூக்குச்சட்டியில் நெய்ச்சோறு கொண்டு வந்தாள். பிள்ளைத்தாச்சி வேல்விழி, என் பங்குக்கும் சேர்த்துத் தண்ணீர் சுமந்தாள். பத்து நாள் நான் அம்மன் மாதிரி உட்கார்ந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டேன். நெய்ச்சோற்றுக்கு இன்னொரு துண்டு கறி கேட்டும் வாங்கினேன்.

கடைசி வெள்ளிக்கிழமை மத்தியானம், சாவிக் கொத்தை ஒப்படைக்கப் போனபோதுதான் கேட்டேன்.

"அப்ப எப்ப சார் கூப்பிடுவீக? ஆடியிலயா, தீவாளி கழிச்சா?"

"எதுக்கு ஆத்தா?"

"வேலைக்குத்தான்."

சோலைமலை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இது பட்டாசுக் கம்பெனியில்ல, ஆத்தா. அந்த இடத்தையே எடுத்துட்டாக. இனிமே கூப்பிடுறதுக்கு இடமே கிடையாது." என் முகத்தைப் பார்த்தார். "தெரியாமத்தான் கைநாட்டு வச்சீகளா? காகிதம் இன்னும் போகல. அஞ்சு மணிக்குத்தான் தபால். அதுக்குள்ள வேற பேரு குடுத்தா மாத்திருவேன்."

வராந்தாவில் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு தட்டில் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். நான் உட்காரவில்லை.

"ஏளா, நான் ஒண்ணும் தியாகம் பண்ணல. திரும்ப மொத ஆளாக் கூப்பிடுவாகன்னு உங்க மூணு பேரையும் ஏமாத்திட்டு முந்துனேன். இப்பக் கூப்பிடவே மாட்டாகளாம். எம் பேர எடுக்கணும்."

கைருன்னிசா சிரித்தாள். "எங்க மனசு சங்கடப்படக் கூடாதுன்னு கதை விடுறீகளா, அக்கா?"

"பாத்தியா, பெரிய மனுசின்னா இப்படி இருக்கணும்" என்றாள் வேல்விழி.

பிறந்ததிலிருந்து நான் பொய்யாகச் சொன்னதையெல்லாம் நம்பிய சனம், ஒரே ஒரு நாள் உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறது. மாரியம்மன் மேல் சத்தியம் செய்த பிறகுதான் யோகேஸ்வரிக்கு உறைத்தது. வாயில் இருந்த சோற்றை மெல்ல விழுங்கினாள்.

"அப்ப எம் பேரக் குடுங்க, அத்தே. உங்களுக்கு இனி யாரு வேலை தருவா? எனக்குத் தெம்பு இருக்கு. பட்டாசுக் கம்பெனில மருந்து ரூமுக்கு ஆள் கேக்குறாகளாம், போயிக்கிடுதேன்."

வெடிமருந்து கலக்கும் அறைக்குப் போகிறாளாம். அது எப்படிப்பட்ட இடம் என்று இருபத்தாறு வருசம் பார்த்த என்னிடமே சொல்கிறாள், ரெண்டு பிள்ளைகளைப் பெற்றவள். எனக்கு நல்ல மனசு வந்துவிட்டது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வந்தது கோபம்.

"மூடிட்டுத் தின்னு" என்றேன்.

ஆனாலும் மணி மூன்றுதான். அஞ்சு மணி வரைக்கும் நேரம் கிடக்கிறது. என்னை எனக்குத் தெரியாதா? எழுந்து நடந்தால் கால் நேரே சோலைமலை மேசைக்குத்தான் போகும், பெயரை மாற்றச் சொல்லி. வராந்தாவிலேயே உட்கார்ந்து, யோகேஸ்வரியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"எஞ் சேலை முந்தியப் பிடிச்சுக்கோ. நான் எந்திரிச்சா விடாத."

"எதுக்கு அத்தே?"

"பிடின்னா பிடி."

பிடித்துக்கொண்டாள். நாலு மணிக்கு நான் ஒருதரம் எழுந்தேன். இழுத்து உட்கார வைத்தாள். நாலே முக்காலுக்கு ஒன்றுக்குப் போக வேண்டும் என்றேன். கூடவே வந்தாள், முந்தியை விடாமல். அஞ்சு மணிக்கு டவாலிச் சேவகன் தபால் பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டினான். அவன் முதுகு மறைந்த பிறகும் அவள் கை தளரவில்லை.

"இப்ப விடுளா" என்றேன். "இருக்குறதே ரெண்டு நல்ல சேலை."