செம்பூரிலிருந்து பரேலுக்கு, மடியில் நஞ்சுக்கொடியோடு

மும்பையைச் சுற்றிப் பார்க்க நினைப்பவர்களுக்கு இந்தப் பதிவு உதவாது. வயிற்றுப் பிள்ளையின் குரோமோசோம் பரிசோதனைக்காக அலைகிறவர்களுக்கு உதவலாம். 1987 மழைக்காலத்தில், தாராவியில் இருந்தபோது, நான் போன வழி இது.

மனைவி சாந்திக்கு மூன்றாம் மாதம் நஞ்சுக்கொடியில் ஊசியால் ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். அதில் குரோமோசோம் ஒன்று கூடுதல். பிள்ளைக்கும் இருக்கலாம், இருந்தால் வளர்ச்சி பாதிக்கும், இல்லாமலும் போகலாம் என்றார் பரேல் ஆய்வகத்து டாக்டரம்மா. பனிக்குட நீரைச் சோதித்தால் தெரியுமாம். “இன்னொரு ஊசிக்கு நான் வரமாட்டேன்” என்று சாந்தி முடித்துவிட்டாள். அப்படியானால் பிறந்தவுடன் நஞ்சையும் பிள்ளையின் ரத்தத்தையும் கொண்டுவரச் சொன்னார் டாக்டரம்மா.

செம்பூர் ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். இரண்டு கிலோகூட இல்லை. ரத்தக் குப்பியை நர்ஸ் தந்தார், நஞ்சைக் காணோம்! ஊர் வழக்கப்படி அதைப் பானையில் போட்டு, மஞ்சளும் கல்லுப்பும் கொட்டி, கழிமுகக் கரையில் புதைக்க என் அக்கா வாசல்வரை போய்விட்டாள்.

“ஏல, பிள்ளையோட பொறந்தத வெட்டிப் பாக்கவா கேக்க?”

“பிள்ளைக்காகத்தான் கேக்கேன்க்கா. குடு.”

கொடுத்தாள். ஆனால் தனியாக விட மனமில்லாமல் அவளும் டாக்ஸியில் ஏறினாள். சயன், தாதர் வழியாகப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர், ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பானையில் என்ன என்று டிரைவர் கேட்டார். “பச்சா கா சாமான்”, பிள்ளையோட சாமான் என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள் அக்கா.

உப்பைக் கண்டதும் டாக்டரம்மா தலையில் கைவைத்தார். உப்புப் பட்ட செல்கள் வளராதாம். உப்பு இறங்காத ஆழத்தில் தேடித்தேடிச் சிறு துண்டுகள் வெட்டி எடுத்தார்.

மூன்று வாரம் கழித்து நுண்ணோக்கியில் இரண்டையும் காட்டினார். நஞ்சில் ஒன்று கூடுதல். மகளின் ரத்தத்தில் எல்லாம் சரியாக இருந்தன. ஒரே கருவிலிருந்து உண்டான இரண்டும் இப்படி வேறுபட முடியுமா? எனக்குப் புல்லரித்துவிட்டது. “நஞ்சு சரியாக ஊட்டவில்லை, அதனால்தான் எடை குறைவு. இனித் தேறிவிடுவாள்” என்றார். கோளாறான அந்த நஞ்சுதான் முடிந்தமட்டும் ஊட்டி என் மகளைப் பிறக்கவைத்திருக்கிறது. அதை நினைத்தால் இன்றும் பிரமிப்பு அடங்குவதில்லை.

உங்களுக்கும் இப்படி முடிவு வந்தால், சோதித்தது நஞ்சையா பிள்ளையையா என்று முதலில் கேளுங்கள். நஞ்சை மட்டும் வைத்து அவசரப்பட்டு எதையும் தீர்மானிக்காதீர்கள். பிரசவத்துக்கு முன்பே வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவையுங்கள், முக்கியமாக உப்பு விஷயத்தை.

முடிவு தெரிந்த அன்று வீடு திரும்பி விஷயத்தைச் சொன்னேன். அதுவரை பிள்ளைக்குப் பெயர் வைக்கச் சாந்தி சம்மதிக்கவில்லை. கேட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கி, அதன் காதில் ஒரு பெயரைச் சொன்னாள். எனக்கு அதை இரண்டாவதாகத்தான் சொன்னாள்.